மேஜர்

பின்வாசல் குழாயடியில் சிவஞானம் கால் கழுவிக்கொண்டிருந்தார். உப்பளத்திலிருந்து வருகிறவர்களுக்கு அது ஒரு நிமிட வேலை இல்லை. விரலிடுக்கில் இறங்கிய உப்பு லேசில் போகாது. அப்படியே விட்டால் மறுநாள் பித்தவெடிப்பில் தீயாக எரியும். குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தபோது மாடியில் மகள் கலைமதி போனில் பேசுவது கேட்டது. காய்ந்த துணியை எடுக்கப் போனவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருக்க வேண்டும், குரல் நேராகக் கீழே இறங்கியது. அவர் ஒட்டுக்கேட்க நினைக்கவில்லை. ஆனால் ஒரு சொல் காதில் விழுந்ததும் கை தானாகக் குழாயை மூடிவிட்டது.

“திங்கட்கிழம மேஜர் டிக்ளேர் பண்ணணும்டி. பண்ணிட்டா அப்புறம் யாராலயும் மாத்த முடியாது, ரூல்ஸே இருக்குது. ஃபாதர்கிட்ட பேசிட்டேன். நல்லா யோசிச்சியாம்மான்னு ரெண்டு தடவ கேட்டாரு. யோசிச்சிட்டேன்னு சொல்லிட்டேன். எங்க அப்பாவுக்கா? சொல்லல. சொன்னா அன்னிக்கே படிப்ப நிறுத்திடுவாரு. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம். இல்ல ஜான்சி, எனக்குத் தமிழ்தான்டி வேணும். வேற நெனச்சிக்கூடப் பாக்க முடியல.”

அவள் கீழே இறங்கி வந்தபோது அவர் மறுபடியும் குழாயைத் திறந்து, கழுவிய காலையே கழுவிக்கொண்டிருந்தார். கையில் துணிக் குவியலோடு அவரைக் கடந்து போனவள், “இன்னும் கழுவறியாப்பா?” என்று கேட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் தெரியாததே பெரிய விஷயமாகப் பட்டது.

‘மேஜர்’ என்ற சொல்லை அவர் முதன்முதலில் கேட்டது காவல் நிலையத்தில். பங்காளி முறையில் அண்ணன் ஒருவரின் மகள், டவுனில் துணிக்கடைக்கு வேலைக்குப் போனவள், ஒரு நாள் வீட்டுக்கு வரவில்லை. வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனபோது, அந்தப் பெண் ஒரு பையனோடு ஸ்டேஷன் பெஞ்சில் கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழாமலேயே, “பொண்ணு மேஜருங்க. சொந்த இஷ்டத்துல வந்திருக்கேன்னு டிக்ளரேஷன் குடுத்திருக்குது. நாங்க ஒண்ணும் பண்றதுக்கில்ல” என்றார். அதற்குப் பிறகு ஊரில் அந்தச் சொல்லை யாரும் வயதைக் குறிக்கப் பயன்படுத்தியதில்லை. “அவ மேஜர் ஆயிட்டா” என்றால் கைவிட்டுப் போய்விட்டாள் என்று பொருள். அந்த அண்ணன் இன்றுவரை ஒரு நல்லது கெட்டதிலும் தலைகாட்டுவதில்லை. அந்தப் பையன் சில மாதங்கள் கழித்து ஊரில் இல்லாமல் போனான். எங்கே இருக்கிறான் என்று யாரும் கேட்பதும் இல்லை.

தமிழ் என்ற பெயரிலும் அவருக்குக் குழப்பம் எழவில்லை. இந்தப் பக்கத்தில் தெருவுக்கு ஒரு தமிழ் உண்டு. தமிழரசன், தமிழ்வாணன், செந்தமிழ் என்று பள்ளிக்கூடத்தில் எப்படிப் பதிந்திருந்தாலும் கூப்பிடும்போது எல்லாரும் தமிழ்தான். அவருடைய உப்புப் பாத்தியிலேயே ஒரு தமிழ் வேலை செய்கிறான். ஆகவே மகள் சொன்ன வாக்கியம் அவருக்கு ஐயம் திரிபற விளங்கியது. தேதி குறித்தாயிற்று. பாதிரியார் உடந்தை. பையன் பெயர் தமிழ்.

மகளை அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்த்ததே ஒரு சந்தேகத்தினால்தான். உப்பு வாங்கும் கம்பெனியிலிருந்து தரம் பார்க்க ஓர் ஆள் வருவான். ஒரு பிடி உப்பைக் கண்ணாடிக் குழாயில் போட்டுக் கரைத்து, ஏதோ ஒரு சொட்டு விட்டு, வெயிலில் தூக்கிப் பார்த்து, “கொஞ்சம் கம்மிதாங்க” என்பான். ஒரு வருடமும் அவன் கம்மி இல்லை என்று சொன்னதில்லை. அவன் குழாயில் என்ன விடுகிறான், எந்த நிறம் வந்தால் கம்மி, எந்த நிறம் வந்தால் சரி என்பது சிவஞானத்துக்கு மட்டுமல்ல, இங்கே குத்தகைக்குப் பாத்தி எடுத்திருக்கும் யாருக்கும் தெரியாது. வீட்டில் வேதியியல் படித்த ஒருத்தி இருந்தால் அவன் முகத்துக்கு நேராக, “இன்னொரு தடவ பண்ணுங்க, நான் பாக்கறேன்” என்று சொல்லலாம். கலைமதி பிளஸ் டூவில் தேறியபோது அவர் மனதில் இருந்த ஒரே படம் அதுதான். மகள், வெள்ளைக் கோட்டு, அவள் எதிரே அந்த ஆள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் கல்லூரியாக இருந்து அண்மையில் பல்கலைக்கழகம் ஆன சிறிய இடம் அது. பெயர்ப்பலகை மாறியும் ஊரில் எல்லாருக்கும் அது ஃபாதர் காலேஜ்தான். சேர்க்கும்போதே அதன் சட்டதிட்டங்கள் அவருக்குப் பிடிபடவில்லை. முதல் ஆண்டு யாருக்கும் தனிப் பாடம் கிடையாது, எல்லாரும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் படிக்க வேண்டும் என்றார்கள். வியாழக்கிழமை மதியம் வகுப்பு இல்லை, குப்பங்களுக்குப் போய் ‘சேவை’ செய்ய வேண்டும். அதற்கும் மார்க் உண்டு. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு அதே நேரத்தில் நன்னெறி. “ரெண்டுக்கும் வாத்தியார் ஒருத்தரா?” என்று பெற்றோர் கூட்டத்தில் அவர் எழுந்து கேட்டபோது சிலர் சிரித்தார்கள். கேள்விக்குப் பதில் வந்தது. அந்தச் சிரிப்புக்குத்தான் பதில் வரவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் மைத்துனன் ஏழுமலையிடம் சொல்லிவிட்டார். தாய்மாமனிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்பது அப்போது அவருக்குத் தோன்றிய நியாயம். ஏழுமலை உப்பு லாரி ஓட்டுகிறவன். டீக்கடை பெஞ்சில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, டீ ஆறும்வரை குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“எந்தத் தெரு பையன் மாமா?”

“தெரியல. பேருதான் தெரியும்.”

“சரி. நீங்க அக்காகிட்ட ஒண்ணும் கேட்டுக்காதீங்க. நான் விசாரிக்கிறேன்.”

அவன் குரலில் கோபம் இல்லை. லாரிக்கு டயர் மாற்ற வேண்டும் என்பதைப் போலச் சொன்னான். சிவஞானத்துக்கு அது ஆறுதலாகக்கூட இருந்தது.

மறுநாள் சனிக்கிழமை, கலைமதி பேருந்தில் போய் ஒரு மணி நேரம் கழித்து அவர் தன் எக்ஸெல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பல்கலைக்கழக வாசலில் காவலுக்கு இருந்த சவரிமுத்து பழைய ஆள். முன்பு உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். முதுகு போனதும் பங்குச் சாமியார் சொல்லி இங்கே காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டான்.

“என்ன சிவஞானம், பொண்ணு ஃபர்ஸ்ட் மார்க்கா? மால வாங்கிட்டு வந்திருக்கலாம்ல.”

“டீனைப் பாக்கணும்பா.”

“பாரு. ஆனா செல்வநாதன் ஃபாதர்கிட்ட சத்தம் போட்டுப் பேசாத. அவரு சிரிப்பாரு, உனக்கு இன்னும் ஏறும்.”

உள்ளே போகும் வழியில் மாதா சொரூபம் ஒன்று ஊதாத் துணியால் தலையிலிருந்து கால்வரை மூடிக் கட்டப்பட்டிருந்தது. தவக்காலத்தில் அப்படி மூடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. எதை மறைக்கிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டு போனார்.

இளங்கலைப் படிப்புகளுக்கான டீன் ஃபாதர் செல்வநாதன் அங்கி போடாமல் அரைக்கைச் சட்டையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எழுந்து நின்று கைகூப்பி, நாற்காலியைக் காட்டினார். அந்த மரியாதையும் சிவஞானத்துக்கு முன்னேற்பாடாகவே பட்டது.

“எம்பொண்ணு கலைமதி. திங்கட்கிழம டிக்ளேர் பண்ணப்போவுதாமே.”

“ஆமாங்க. அன்னிக்குத்தான் எல்லாரும் பண்றாங்க.”

“எல்லாருமா?”

“முதல் வருஷப் பிள்ளைங்க அத்தன பேரும். கொட்டகையில வச்சு, ஒவ்வொருத்தரா மேடையேறி மைக்குல சொல்லணும். எழுதிக் குடுக்கறதெல்லாம் கிடையாது. வாயால சொன்னாத்தான் மனசுல நிக்கும்னு எங்க பழைய பிரின்சிபால் கொண்டுவந்த வழக்கம். பெத்தவங்களும் வரலாம்.”

சிவஞானம் ஒரு கணம் அத்தனை பிள்ளைகளையும் மாலையோடு நினைத்துப் பார்த்தார். இவ்வளவு துணிச்சலாகவா செய்வார்கள்?

“எம்பொண்ணு என்னன்னு சொல்லியிருக்குது உங்ககிட்ட?”

“அத நான் சொல்றதுக்கில்லங்க. தப்பா நெனைக்காதீங்க. பதினெட்டு முடிஞ்ச பிள்ளைங்க விஷயத்த, அவங்க சம்மதம் இல்லாம நாங்க வீட்டுக்குச் சொல்றதில்ல. மார்க்கா இருந்தாலும் சரி, இதா இருந்தாலும் சரி. இது இங்க ஒரு கொள்கை.”

“பெத்த அப்பன்கிட்டயுமா?”

“அப்பாகிட்டயும்தான். அவங்க மேஜராச்சே.”

இன்ஸ்பெக்டர் சொன்ன அதே சொல். இவர் எழுந்து நின்று கைகூப்பிய பிறகு சொல்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சிவஞானம் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து சொன்னது நினைவிருந்ததால் குரலை அடக்கிக்கொண்டு கேட்டார்.

“அந்தத் தமிழ் எந்த ஊரு பையன்? அதையாவது சொல்லுங்க.”

ஃபாதர் செல்வநாதன் சிரிக்கவில்லை. முதலில் நெற்றியைச் சுருக்கினார். பிறகு அவரையே பார்த்தார், மெதுவாக ஏதோ புரிந்துகொள்கிறவர் போல. எழுந்து, “கொஞ்சம் வெளிய வாங்க” என்று தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் பெரிய பலகை ஒன்று. ‘மேஜர் – முதன்மைப் பாடங்கள்’ என்று தலைப்பு. கீழே வரிசையாக: வணிகவியல், கணினி அறிவியல், வேதியியல், சமூகப்பணி, ஆங்கிலம், தமிழ்.

“உங்க பொண்ணு விஷயமா நான் ஒண்ணும் சொல்லல. போர்டுல இருக்கறதத்தான் காட்டறேன். இங்க மேஜர்னா பாடங்க. இனிமே எந்தப் பாடத்த முக்கியமா எடுத்துப் படிக்கப்போறோம்னு பிள்ளைங்க சொல்றாங்க. அவ்வளவுதான்.”

சிவஞானம் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை படித்தார். கடைசி வரியில் இருந்த அந்தப் பெயருக்கு ஊரும் இல்லை, தெருவும் இல்லை. முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது. ஆனால் கண் மறுபடியும் மேலே போனது. மேலிருந்து மூன்றாவது வரி வேதியியல். அதை அவள் வேண்டாம் என்று முடிவுசெய்து, இந்த மனிதரிடம் வந்து சொல்லி, இவர் இரண்டு தடவை கேட்டுத் தலையாட்டி, ஜான்சிக்குத் தெரிந்து, தனக்கு மட்டும் தெரியாமல் இருக்கிறது.

“திங்கட்கிழம ஒரு பொண்ணு வரலன்னா?” என்று கேட்டார்.

“வராதவங்களுக்கு, சேரும்போது எதக் கேட்டிருந்தாங்களோ அந்தப் பாடத்தையே போட்டுடுவோம். ரூல்ஸ் அப்படி.” சொல்லிவிட்டு ஃபாதர் நிறுத்தினார். “ஏங்க கேக்கறீங்க?”

“சும்மாதான்.”

சேரும்போது கேட்டது வேதியியல். கேட்டவர் அவர்தான்.

வாசலுக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்தபடியே ஏழுமலைக்குப் போன் செய்தார். விஷயத்தைச் சொன்னார். தன்னைப் பற்றியே ஒரு வேடிக்கையைச் சொல்வது போலத்தான் ஆரம்பித்தார். மறுமுனையில் சிரிப்பு வரவில்லை.

“பாடம்னு சாமியார் சொன்னாரா?”

“போர்டே இருக்குதுடா. நானே படிச்சேன்.”

“மாமா, நான் பஸ் கண்டக்டர்கிட்ட விசாரிச்சிட்டேன். அவ கிளாஸ்ல தமிழ்னு மூணு பேரு இருக்கானுங்க. ஒருத்தன் நம்ம பொண்ணு போற பஸ்ஸுலயேதான் வர்றான், அனுமந்தையில ஏர்றான். பாடத்துக்குப் போயி எவளாவது, சொன்னா அப்பா படிப்ப நிறுத்திடுவாருன்னு பயப்படுவாளா? பாடத்த எதுக்கு மாமா சாமியார்கிட்ட ரகசியமா சொல்லணும்?”

சிவஞானத்திடம் அதற்குப் பதில் இருந்தது. ஆனால் கேள்வி பதிலைவிட நன்றாக இருந்தது. அவரே கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

“திங்கட்கிழம அவள அனுப்பாதீங்க. ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்” என்று ஏழுமலை போனை வைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. சாலையின் இருபுறமும் பாத்திகளில் உப்பு பூத்து வெயிலில் கண் கூசியது. ஒரு நாள் அனுப்பாமல் இருந்தால் போதும். சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம், காரணம்கூடச் சொல்ல வேண்டாம். அவர்கள் சட்டமே வேலையை முடித்துவிடும். வேதியியல் கிடைத்துவிடும். ஏழுமலையும் அதையேதான் சொல்கிறான். தனக்கு வேண்டியதும் ஏழுமலைக்கு வேண்டியதும் இப்படி ஒன்றாகப் பொருந்திவிட்டதுதான் அவரை உறுத்தியது. இவ்வளவு சுலபமாக அமைகிற எதையும் அவர் இதுவரை நம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன்குழம்புச் சோறு சாப்பிட்டு முடித்து, கலைமதி தட்டை எடுத்துக்கொண்டு எழப்போனபோது கேட்டார்.

“நாளைக்குக் காலேஜ் போவலன்னா இன்னா ஆவும்?”

அவள் எழவில்லை. தட்டில் ஒட்டியிருந்த பருக்கையை விரலால் ஒதுக்கினாள்.

“ஃபாதர் சொன்னாரா?”

“அவரு சொல்லல. அப்பன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அங்க சட்டமாம். போர்டப் பாத்தேன்.”

“எனக்கு கெமிஸ்ட்ரி வரலப்பா.” குரல் மெதுவாக இருந்தாலும் முன்பே பலமுறை சொல்லிப் பார்த்தது போல இருந்தது. “இங்கிலீஷ்ல நடத்தறாங்க. எழுதி மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடறேன். என்ன எழுதினேன்னு எனக்கே தெரியாது. யாராவது கேள்வி கேட்டா தலையக் குனிஞ்சிக்குவேன். தமிழ் கிளாஸ்ல மட்டுந்தான் நான் கை தூக்கறேன். ரெண்டு பேருக்கு நான் சொல்லித் தர்றேன்பா.”

“அந்தக் கண்ணாடிக் குழாக்காரன யாரு கேக்கறது?”

“ஜான்சி கெமிஸ்ட்ரிதான் எடுக்கறா. கூட்டிட்டு வர்றேன். நல்லாக் கேப்பா, அவனே ஓடிடுவான்.”

அடுக்களை வாசலில் நின்றிருந்த மனைவி மலர்க்கொடி, “எத்தன நாளைக்குத்தான் அந்தக் குழாவையே பாத்துட்டிருப்பீங்க? பொண்ணப் பெத்தீங்களா, மீட்டரப் பெத்தீங்களா?” என்றாள். அவளுக்கும் முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவள் நின்ற நிற்பிலேயே தெரிந்தது. அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பிறகு, கேட்கக்கூடாது என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டார்.

“உங்க கிளாஸ்ல தமிழ்னு பையன் இருக்கானா?”

கலைமதி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “எந்தத் தமிழு? மூணு பேரு இருக்கானுங்க. எதுக்கு?”

சிரிப்பு உடனே வந்ததா, ஒரு நொடி தாமதித்து வந்ததா? அவரால் சொல்ல முடியவில்லை. கம்பெனி ஆள் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பார்ப்பது போல அந்தச் சிரிப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எந்த நிறம் வந்தால் சரி என்று அவருக்குத் தெரியவில்லை.

“உங்க மாமன் கேட்டான்” என்று சொல்லிவிட்டார்.

மலர்க்கொடி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “மாமன்னா யாரு? ஏழுமலையா?” மகளை ஒருமுறை பார்த்தாள், அவரை ஒருமுறை பார்த்தாள். தன் தம்பியின் பெயரை அவள் அப்படிச் சொல்லி அவர் கேட்டதில்லை. “அவன்கிட்டயா சொன்னீங்க?”

“அது பாடம்னு திரும்பவும் சொல்லிட்டேன்.”

“சொன்னதத் திரும்ப வாங்க முடியுமா அவன்கிட்ட?” என்றாள். காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனைச் சில மாதங்கள் கழித்துத் தேடிப் போன வேனை ஓட்டியது ஏழுமலை என்பதை அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. கலைமதி தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எதற்காக அம்மா முகம் இப்படி வெளுத்தது என்று அவளுக்குப் புரிய ஆரம்பித்திருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் சீருடையெல்லாம் போட்டுக்கொண்டு, செருப்பு மட்டும் போடாமல், வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். போகச் சொல்வாரா, உள்ளே போகச் சொல்வாரா என்று கேட்கவில்லை. பேருந்து நேரம் தாண்டியது. சிவஞானம் பாத்திக்கும் போகவில்லை. வண்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே துடைத்துக்கொண்டிருந்தால் எல்லாம் அவர் விரும்பியபடி நடந்துவிடும். அவர் ஒன்றும் செய்ததாகக்கூட இருக்காது.

“செருப்ப மாட்டு” என்றார் திடீரென்று. “பஸ் வேணாம். நான் கொண்டுபோயி விடறேன்.”

வண்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடிக்காமல் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அனுமந்தையைக் கடக்கும்போது நிறுத்தத்தில் அடுத்த பேருந்துக்காகக் கல்லூரிப் பையன்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் போக நினைத்தார். திரும்பித்தான் பார்த்தார். ஒருவன் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தான். ஒருவன் பொரி தின்றுகொண்டிருந்தான். எல்லாரும் ஒரே மாதிரி ஒல்லியாக இருந்தார்கள்.

பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, பூவரச மரத்தடியில் ஏழுமலை பைக்கின் மேல் உட்கார்ந்திருந்தான். கலைமதி அவனைப் பார்த்தாள். “மாமா” என்று கூப்பிடவில்லை. வண்டியிலிருந்து இறங்கி, சவரிமுத்து திறந்த சின்னக் கதவு வழியாக உள்ளே போனாள். சிவஞானம் வண்டியை அணைக்காமல் சாலையைக் கடந்து மைத்துனன் அருகில் நிறுத்தினார்.

“அனுப்பாதீங்கன்னு சொன்னேன்.”

“அது பாடம்டா ஏழுமல.”

“பாடமாவே இருக்கட்டும் மாமா. நான் ஒண்ணும் பண்ணப்போறதில்ல. மூணு பேருல எவன்னு தெரிஞ்சிக்கிட்டா போதும். பேரு, ஊரு எல்லாம் மைக்குலயே சொல்லுவானுங்களாம். கேட்டுட்டுப் போயிடறேன்.”

“லோடு இல்லியா ஒனக்கு?”

“லோடு எங்க போவுது.”

வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தக் கொட்டகை. மேலே தகரம், பக்கங்கள் திறப்பு. மேடையும் மைக்கும் இங்கிருந்தே தெரிந்தன. ஒலிபெருக்கி ஒன்று கொட்டகைத் தூணில் சாலையைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ஜெபம் முடிந்தது. ஃபாதர் செல்வநாதனின் குரல் ஏதோ சொல்ல, பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். பேர், ஊர், பாடம். ஒரு பெண் பயந்துபோய்ப் பாடத்தை முதலில் சொல்லிவிட்டுப் பெயரைக் கடைசியில் சொன்னாள். ஒரு பையன் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது விசில் பறந்தது. ஏழுமலை பைக்கிலிருந்து இறங்கி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். லாரியில் இஞ்சின் சத்தத்தில் கோளாறைக் கண்டுபிடிக்கிறவன் கேட்கும் விதம் அது.

“ஜான்சி. அனுமந்தை. வேதியியல்.”

கணீரென்ற குரல். கைதட்டல் ஓய்ந்தது. கண்ணாடி போட்ட ஒரு பையன் மேடையேறி மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினான்.

“தமிழர…”

சிவஞானம் ஹாரனை அழுத்தினார். எக்ஸெல் வண்டியின் ஹாரனுக்குப் பெரிய சத்தம் கிடையாது, கரகரவென்று ஆட்டுக்குட்டி கத்துவது போல இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது போதும். ஏழுமலை திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னான், வாய் மட்டும் தெரிந்தது. அவர் கட்டைவிரலை எடுக்கவில்லை. “மாமா” என்று அவன் கையைப் பிடித்தான். அவர் மற்றொரு கையால் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். சவரிமுத்து கதவைத் திறந்துகொண்டு, கையை ஆட்டியபடி ஓடிவந்தான். மேடையில் அந்தப் பையன் இறங்கினான். அடுத்து ஒருவன் ஏறினான், இறங்கினான். அவன் பெயர் என்னவோ. இன்னும் எத்தனை தமிழ் பாக்கி என்று அவருக்குத் தெரியவில்லை.

பிறகு கலைமதி ஏறினாள். கொட்டகை நிழலில் அவள் ஒரு விரல் உயரம்தான் தெரிந்தாள். மைக்கைப் பிடித்தவள், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவள் சொல்லப்போவதைக் கேட்க வேண்டுமானால் விரலை எடுக்க வேண்டும். விரலை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டு, தகரக் கூரைக்கு அடியில் அவளுடைய வாய் அசைவதை சிவஞானம் பார்த்துக்கொண்டு நின்றார்.